அப்லோட் படங்கள்: எங்கெல்லாம் உதைக்கும்?

பின்தளம்77:
பழைய வண்டி விற்கும் தளம் மாதிரி, ஒருவர் போனிலிருந்து பத்துப் படம் அனுப்பும் ஆப்களை வைத்துச் சொல்கிறேன்.

முதல் உதை 413 பிழை, அதாவது அனுப்பியது அளவு மீறியது என்று சர்வர் மறுப்பது. நிரலில் 10 எம்பி வரை அனுமதித்திருப்பார்கள். ஆனால் முன்னால் நிற்கும் வெப் சர்வரான எஞ்சின்எக்ஸின் இயல்பு வரம்பு 1 எம்பிதான். கோரிக்கை வாசலிலேயே திரும்பிவிடுவதால் ஆப்பின் லாகில் தடயமே இருக்காது. பிஹெச்பி மொழியில் எழுதிய ஆப் வேறு விதம்: ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, முழு ஃபார்முக்கு 8 எம்பி என்பது இயல்பு. மொத்தம் 8ஐத் தாண்டினால் நிரலுக்குக் காலி ஃபார்ம்தான் வந்து சேரும். "எல்லாம் நிரப்பினேன், எதுவும் நிரப்பவில்லை என்கிறதே" என்று புகார் வந்தால் அங்கே பாருங்கள்.

ஃபைல் பெயரின் வாலையும் பிரவுசர் சொல்லும் வகையையும் நம்ப வேண்டாம். ஜேபெக் என்றால் ஃபைல் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டுகளோடு தொடங்க வேண்டும். அதுவும் முதல் சல்லடைதான். முழுதாகத் திறந்து, புதிதாக எழுதிய படத்தை மட்டும் வெளியே காட்டுங்கள். எஸ்விஜி என்பது எழுத்தாக எழுதும் வரைபட வகை, அதற்குள் ஸ்கிரிப்ட் ஒளியும். வண்டிப் படத்துக்கு அது எதற்கு? மறுத்துவிடலாம்.

நள்ளிரவு டெப்ளாய்:
எம்பியை மட்டும் அளந்தால் போதாது, பிக்சலை எண்ண வேண்டும். 4000×3000 படம் டிஸ்கில் 3 எம்பி இருக்கலாம். நினைவகத்தில் விரிந்தால் பிக்சலுக்கு 3 பைட் வீதம் 36 எம்பி. ஒரே நிறத்தில் 20,000×20,000 பிஎன்ஜி செய்து அனுப்பினால் ஃபைல் சின்னதாகத்தான் இருக்கும், விரிந்தால் 1.2 ஜிபி. 512 எம்பி நினைவகம் கொடுத்த கன்டெய்னர் (ஆப் ஓடும் தனிப்பெட்டி) அந்த இடத்திலேயே சாகும்.

அதனால் விரிப்பதற்கு முன்பே ஹெடரில் (ஃபைலின் தொடக்கக் குறிப்பில்) அகல உயரத்தைப் படித்து முடிவெடுங்கள். பைத்தானின் படக் கருவியான பில்லோ சுமார் 8.9 கோடி பிக்சலில் எச்சரிக்கும், அதன் இரண்டு மடங்கில்தான் பிழை எறியும். எச்சரிக்கையோடு வேலை ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால் அதையே பிழையாக மாற்றிவிடுங்கள். நோட்ஜேஎஸ் பக்கத்துக் கருவியான ஷார்ப்பின் இயல்பு வரம்பு சுமார் 26.8 கோடி, ரொம்பத் தாராளம். சில போன்களின் 50 மெகாபிக்சல் மோடு 8192×6144 தரும், அதாவது 5 கோடிக்குச் சற்று மேல். எனவே 6 கோடி என்று வைப்பது என் கணக்கு.

இன்னொன்று: ஜேபெக்கைத் திறக்கும்போதே பாதி, கால், அரைக்கால் அளவில் திறக்க முடியும். பில்லோவில் தம்ப்நெயில் முறை இதைத் தானாகச் செய்யும், ரீசைஸ் செய்யாது. நினைவகச் செலவில் பெரிய வித்தியாசம்.

எக்ஸிஃப் எதிரி:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் வரிசை பிசகினால் படம் படுத்துக்கொள்ளும். நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தைப் பல போன்கள் படுக்கையாகவே எழுதி, "வலப்பக்கம் 90 பாகை திருப்பிக் காட்டு" என்று எக்ஸிஃபில் (படத்தோடு போகும் குறிப்புத் தொகுப்பில்) 6 போட்டுவிடும். எக்ஸிஃபை முதலில் அழித்தால் அந்தக் குறிப்பும் போச்சு. முதலில் திருப்பு, பிறகு சுருக்கு, கடைசியில் அழி.

அழிப்பதைக் கட்டாயம் செய்யுங்கள். வீட்டு வாசலில் எடுத்த வண்டிப் படத்தில் ஜிபிஎஸ் இருந்தால், விற்பவரின் முகவரியை ஊருக்கே கொடுத்த மாதிரி.

நிறமும் கவனம். ஐபோன் படங்கள் டிஸ்ப்ளே பி3 என்ற அகலமான நிறவெளியில் வரும். வலையின் வழக்கமான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றாமல், நிறவெளியைச் சொல்லும் புரொஃபைலை மட்டும் பிடுங்கினால் சிவப்பு வண்டி வெளிறித் தெரியும். ஐபோனின் பட வகையான ஹெச்இஐசி இன்னொரு தலைவலி: ஷார்ப்பை அப்படியே நிறுவினால் அதே குடும்பத்து ஏவிஐஎஃப் திறக்கும், ஹெச்இஐசி திறக்காது.

பக்கெட் காவலன்:
சேமிப்புப் பக்கம் வருகிறேன். கன்டெய்னரின் சொந்த டிஸ்கில் வைத்தால் அடுத்த டெப்ளாயில் காணாமல் போகும். மூலப்படத்துக்கு மூடிய பக்கெட் (கிளவுடில் ஃபைல்கள் வைக்கும் தொட்டி), நாம் செய்த படங்களுக்குத் திறந்த பக்கெட். டேட்டாபேஸில் முழு முகவரி வேண்டாம். கீயும் (பக்கெட்டில் ஃபைலின் பெயர்) அகல உயரமும் போதும். நாளை படங்களைப் பரிமாறும் சிடிஎன் சேவை மாறினாலும் ஒரு வரிதான் மாற்ற வேண்டியிருக்கும்.

பயனர் வைத்த பெயரைக் கீயாக்காதீர்கள். 'கொடி' என்ற பெயரில் 'கொ'வின் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும் வரலாம். கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாகவும் வரலாம். பார்வைக்கு ஒன்று, பைட்டில் வேறு, தேடினால் கிடைக்காது. யூயூஐடி என்ற தனித்த அடையாள எண் போடுங்கள்.

பிரவுசரிலிருந்து நேராக அமேசானின் சேமிப்பகமான எஸ்3க்கு அனுப்பும்போது, நாம் முன்கூட்டியே அனுமதி ஒப்பமிட்டுத் தரும் புட் இணைப்பில் 'இதற்கு மேல் வேண்டாம்' என்று அளவு வரம்பு வைக்க வழியில்லை. ஃபார்ம் வழியாக அனுப்பும் போஸ்ட் முறையின் பாலிசியில் உண்டு. வந்து விழுவது தற்காலிக ஃபோல்டராக இருக்கட்டும், ஒரு நாளில் அழியும் விதியோடு. பாதியில் விட்டுப்போனவர்களின் படங்கள் அப்படித்தான் ஒழியும்.

அழிக்கும்போது முதலில் டேட்டாபேஸ் வரி, பிறகு க்யூ (பின்னணி வேலை வரிசை) வழியாக ஃபைல். தலைகீழாகச் செய்து நடுவில் ஏதாவது விழுந்தால் பக்கத்தில் உடைந்த படம் நிற்கும்.

பின்தளம்77:
காட்டும் படங்களின் அளவுகளை முன்கூட்டியே செய்வதா, கேட்கும்போது செய்வதா என்றால், 320, 800, 1600 பிக்சல் அகலம் என்று மூன்றே போதுமானால் முன்கூட்டியே செய்யலாம், வெப்பி என்ற பட வகையில் தரம் 80. கேட்கும்போது செய்வதானால் முகவரியில் வரும் அகலத்தை அனுமதிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது 1 முதல் 5000 வரை ஒவ்வொரு அகலமாகக் கேட்டு, சிபியூவையும் கேச்சையும் நிரப்பிவிட்டுப் போவார்கள்.