அக்ரோபோரா பவளம் அடியில் வெளுக்குது, டிப்பில் புழு விழுந்தது: அடுத்து என்ன?

கேள்வி: உப்புத்தொட்டி300

300 லிட்டர் கடல்நீர் டேங்க், 26 டிகிரி, உப்பு 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு), ஆல்க் (தண்ணியோட காரத்தன்மை) 8. அக்ரோபோரா 9 கொலனி, மீதி மான்டிபோரா, யூஃபிலியாங்கிற வேற பவளங்கள். மூணு வாரமா ரெண்டு அக்ரோ நிறம் மங்குது, பாலிப் (பவளத்தோட குட்டி உயிரி) வெளியே வரலை. கிளையோட நிழல் பக்கம் குண்டூசித் தலை அளவுக்கு வட்ட வட்டமா வெளுப்பு. ஒண்ணை எடுத்து டிப் பண்ணினதில் (மருந்துத் தண்ணியில முக்கினதில்) கண்ணாடி மாதிரி நாலு புழு விழுந்தது. ஃப்ளாட்வார்ம் எக்ஸிட்ங்கிற புழு மருந்தை டேங்கிலேயே ஊத்தினா போதுமா? மூணு கொலனி பாறையோட ஒட்டிப் படர்ந்திருக்கு, அதை என்ன பண்றது?

பதில்: பவளத்திட்டு

வட்டக் கடித் தடம், நிழல் பக்கம், பாலிப் சுருங்கல் எல்லாம் சேர்ந்தால் அக்ரோபோரா தின்னும் தட்டைப்புழுதான். 2011இல் அறிவியல் பெயர் பெற்றது. இப்போதைய பெயர் ப்ரோஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே. அக்ரோவைத் தின்று அதன் பாசி நிறத்தையே வயிற்றில் சுமப்பதால், கிளைமேல் இருக்கும்போது எதிரே வைத்துப் பார்த்தாலும் தெரியாது.

எக்ஸிட் வேண்டாம். மணலிலும் கண்ணாடியிலும் படரும் செந்நிறப் புழுவுக்குத்தான் அது. அதற்குப் போடும் அளவில் இந்தப் புழுவுக்கு ஒன்றும் ஆகாது.

புழுவை விழவைப்பது எளிது, தொல்லை முட்டையில்தான். சதை போய் வெறும் எலும்பு தெரிகிற இடத்தில், அடிப்பாகத்திலோ கிளைகளின் கவையிலோ, பொன்பழுப்புப் புள்ளிகள் நெருக்கி ஒட்டியிருக்கும். நகைக்கடைக்காரர் லென்ஸ் வைத்துப் பாருங்கள். எந்த டிப்பும் அந்த ஓட்டுக்குள் போகாது. 27 டிகிரியில் சுமார் 11 நாளில் பொரியும். பொரிந்த குஞ்சு வளர்ந்து தானே முட்டையிட ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் வாரம் ஒரு டிப் தவறாமல் விழுந்தால் அடுத்த தலைமுறை இல்லை. நாலாவது வாரம் புழு விழவில்லை என்று நிறுத்துகிறவர்களுக்குத்தான் மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரும். 6 வாரம் குறைந்தபட்சம், டேங்க் 25 டிகிரிக்குக் கீழே என்றால் 8.

வேலை இப்படி: ஒன்பதையும் ஒரே நாளில் எடுங்கள். ஒன்றை விட்டாலும் அதுவே புழுவுக்குச் சோறு. பவளம் ஒட்டியிருக்கும் பழைய பிளக்கை (சின்னத் தாங்கிக் கல்லை) தூக்கி எறிந்து, செத்த அடிப்பாகத்தை எலும்பு வெட்டும் கட்டரால் உயிர்ச் சதைவரை வெட்டிப் புதுப் பிளக்கில் ஒட்டுங்கள். வெட்ட முடியாத இடத்தில் முட்டை தெரிந்தால் சூப்பர் க்ளூ ஜெல்லால் மூடிவிடுங்கள். டிப்புக்கு வெள்ளை அடி உள்ள டப்பாவில் டேங்க் தண்ணீர் 2 லிட்டர், டிப் மருந்து அதன் லேபிளில் சொன்ன அளவு, 10 நிமிடம். நிமிடத்துக்கு ஒருமுறை டர்க்கி பேஸ்டரால் (ரப்பர் குமிழ் வைத்த பெரிய பிப்பெட்) தண்ணீரைக் கிளைக்குள் ஓங்கி அடியுங்கள். மயங்கின புழுவும் பிடியை விடாது, அடித்தால்தான் உதிரும். பிறகு இரண்டு தனித் தொட்டிகளில் அலசி, மணல் போடாத 60 லிட்டர் குவாரன்டைன் (தனிமைப்படுத்தும்) டேங்குக்கு; ஆறு வாரமும் அங்கேயே.

பதில்: அலைவாய்

மேலே சொன்னது சரி. டிப்புக்குச் சிலர் போடற பூச்சி மருந்து பத்தி ஒரு எச்சரிக்கை. அமெரிக்க வீடியோக்கள்ல அளவு சொல்ற இமிடாகுளோப்ரிட் தோட்ட மருந்துல அந்தப் பொருள் 0.72 விழுக்காடுதான். விவசாயக் கடையில கிடைக்கிற 17.8 விழுக்காடு பாட்டில் கிட்டத்தட்ட 25 மடங்கு. அந்த மில்லி கணக்கை அப்படியே எடுத்து இதுல ஊத்தினா அக்ரோவுக்கே பால் ஊத்தணும். கையுறை கட்டாயம். டிப் தண்ணி ஒரு சொட்டு டேங்குக்குப் போகக்கூடாது, இறாலும் நண்டும் முதல்ல போகும். கிளைக்குள்ள குட்டி நண்டு இருந்தா டிப்புக்கு முன்னாடியே குச்சியால நெம்பி எடுத்திடுங்க, அது அக்ரோவுக்குக் காவல்காரன்.

சிக்ஸ்லைன் ராஸ் மீனும் பெப்பர்மின்ட் இறாலும் புழுவைத் தின்னும், உண்மைதான். எண்ணிக்கை குறையும், ஒழியாது. சிக்ஸ்லைன் மத்த சின்ன மீனைத் துரத்தும்கிறதையும் கணக்குல வச்சுக்குங்க.

இந்தியாவில இருந்து படிக்கிறவங்களுக்கு: கல் பவளம் எல்லாமே 2001ல இருந்து வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. அங்க வீட்ல வளர்க்கக்கூடாது.

கேள்வி: உப்புத்தொட்டி300

நன்றி. பாறையில படர்ந்ததை உளியால எடுத்தா ஓரத்துல கொஞ்சம் சதை மிச்சம் நிக்கும். அது பரவாயில்லையா?

பதில்: பவளத்திட்டு

பரவாயில்லை என்று விடவே கூடாது. கட்டைவிரல் அகலத் தோல் போதும், புழு அதிலேயே ஆறு வாரத்தையும் ஓட்டிவிடும். பாறையை வெளியே எடுக்க முடிந்தால் எடுத்துச் சுரண்டுங்கள். முடியாவிட்டால் ரீஃப் எபாக்ஸிப் பசையைச் சப்பாத்தி மாவுபோல் பிசைந்து, சதையின் ஓரத்தைத் தாண்டி ஒரு விரல் அகலம் எல்லாப் பக்கமும் அழுத்தி மூடுங்கள். மறுநாள் விளிம்பு தூக்கியிருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் தூக்கும். மான்டிபோராவையும் யூஃபிலியாவையும் அப்படியே விடலாம், இது அவற்றைத் தின்னாது. அவற்றின் பிளக்கில் முட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இன்னொன்று: அக்ரோ போனதும் டேங்க் ஆல்க் குடிப்பது பாதியாகிவிடும். டோசரை (ஆல்க் கரைசலைத் தானாக ஊற்றும் கருவி) அன்றே குறைத்து, முதல் வாரம் தினமும் அளந்து பாருங்கள். இல்லையென்றால் 8இல் இருந்தது சத்தமில்லாமல் 11க்குப் போய், மிச்சமிருக்கும் மான்டிபோராவின் நுனி கருகும்.