கனடா மேற்குக் கரைக்குப் போற கடலூர், பாண்டி புள்ளைங்களுக்கு: சால்மன், ராக்ஃபிஷ் பிடிக்க அரை நாள் போறதுக்கு முன்னாடி

வான்கூவர், சர்ரே, விக்டோரியா, நனைமோ பக்கம் கிளம்புற நம்ம ஊர் புள்ளைங்க நிறைய பேர் இருக்கீங்க, ஏற்கனவே போய்ச் சேர்ந்தவங்களும் இருக்கீங்க. வாடகை வீடு, பேங்க், சின் நம்பர் பத்தி எழுத ஆள் இருக்கு, நான் கடலைப் பத்தி மட்டும் எழுதுறேன். இப்ப லீவுல கடலூர் ஓ.டி.லதான் (ஓல்ட் டவுன்) இருக்கேன், தடைக்காலம் ஓடுது, ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எல்லாம் கட்டிக் கிடக்கும்ல, அதனால ஆளுங்க வீட்லயே இருக்காங்க, தெருவுல பாக்குற பசங்க எல்லாம் ஒரே கேள்விதான், அண்ணே அங்க கடல்ல மீன் பிடிக்க விடுவாங்களா, எவ்ளோ ஆகும், நம்மளே ஒரு தூண்டில் வாங்கிட்டுப் போயிடலாமான்னு. ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு மொத்தமா எழுதிடுறேன்.

விடுவாங்க. ஆனா மொத தடவை தனியாப் போகாதீங்க, காசு சேத்து கைடு கூட அரை நாள் டிரிப் ஒண்ணு போங்க, அந்தக் காசை மீனுக்குக் குடுக்குறதா நினைக்காம கத்துக்கறதுக்குக் குடுக்குற ஃபீஸா நினைங்க. தாத்தா காலத்துலேர்ந்து கடல்காரங்க நாம, நமக்கு எதுக்குக் கைடுன்னு தேவனாம்பட்டினத்துப் பசங்களுக்கும் வீராம்பட்டினத்துப் பசங்களுக்கும் தோணும், தோணுறதுல தப்பு இல்ல, நீவாடு (கடல் நீரோட்டம்) பாக்கத் தெரிஞ்சவன் அங்கயும் சீக்கிரம் பழகிடுவான். ஆனா அந்தக் கடல் சுத்தமா வேற. நம்ம கரையில தண்ணி ஏறி வத்துறது ஒரு மீட்டர் கிட்டத்தான், அங்க வான்கூவருக்கும் வான்கூவர் தீவுக்கும் நடுவுல இருக்கிற ஜார்ஜியா ஜலசந்தியில நாலஞ்சு மீட்டர் ஏறி இறங்கும். அவ்ளோ தண்ணியும் தீவுக்கு நடுவுல இடுக்குல புகுந்து ஓடும்போது வேகத்தை யோசிச்சுப் பாருங்க, கேம்பெல் ரிவர் பக்கத்துல சீமோர் நாரோஸ்னு ஒரு இடம், நீவாடு 15 நாட் (மணிக்கு 28 கிலோமீட்டர் கிட்ட) வரைக்கும் போகும். வெளிக்கடல் பக்கம் வெயில் காலத்துலயே தண்ணி 12-லேர்ந்து 15 டிகிரிதான். நல்லா நீச்சல் தெரிஞ்சவன் விழுந்தாலும் பத்து நிமிஷத்துல கைவிரல் மடக்க வராது. லைஃப் ஜாக்கெட்டை சீட்டுக்கு அடியில வைக்காம உடம்புல போட்டுக்கிட்டே இருங்க, இதுல மட்டும் நம்ம ஊர் தைரியம் வேண்டாம்.

லைசன்ஸ். கடல்ல தூண்டில் போடுற ஒவ்வொருத்தருக்கும் டைடல் வாட்டர்ஸ் லைசன்ஸ் வேணும், மத்திய அரசோட மீன்வளத்துறை, டிஎஃப்ஓன்னு சொல்வாங்க, அவங்க சைட்ல ஆன்லைன்லயே வாங்கலாம், ஒரு நாள், மூணு நாள், அஞ்சு நாள், வருஷத்துக்குன்னு இருக்கு. வருஷ லைசன்ஸ் நீங்க எப்ப வாங்கினாலும் மார்ச் 31-ல முடிஞ்சிடும், அதனால பிப்ரவரில போய் வருஷத்துக்குன்னு வாங்காதீங்க. சால்மனைப் பிடிச்சு வீட்டுக்கு எடுத்துட்டு வரணும்னா அது கூட சால்மன் ஸ்டாம்ப்னு தனியா ஒண்ணு வாங்கணும். ஆறு, ஏரிக்கு இது செல்லாது, அது மாகாணத்தோட லைசன்ஸ். கைடு எல்லாம் பாத்துப்பாருன்னு நினைச்சுட்டு கையை வீசிட்டுப் போய் நிக்கிறாங்க நிறைய பேர், பெரும்பாலான டிரிப்ல லைசன்ஸ் சேர்த்தி கிடையாது, முந்தின நாள் ராத்திரியே வாங்கி போன்ல வச்சுக்கோங்க.

எத்தனை மீன், எவ்ளோ நீளம், எந்தத் தேதிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும், எல்லாம் கடலைக் கட்டம் கட்டமா பிரிச்சு ஏரியா நம்பர் போட்டு வச்சிருக்காங்க, சீசன் நடுவுலகூட மாத்துவாங்க. விக்டோரியா பக்கம் சினூக் சால்மனுக்குச் சில மாசம் மூடியே இருக்கும். பாதி காரணம் ஓர்கா திமிங்கலம். அந்தப் பக்கமே குடியிருக்கிற கூட்டம் ஒண்ணு இருக்கு, எழுபது சொச்சம்தான் மிச்சம், அதுங்களுக்கு முக்கியமான சாப்பாடே சினூக்தான். ஓர்கா வந்துச்சுன்னா படகு விலகிப் போயிடணும், சட்டமே அப்படித்தான், கைடு தூண்டிலைச் சுருட்டச் சொன்னா வீடியோ எடுக்கக் கிட்ட போங்கன்னு கேக்காதீங்க.

சரி, படகுல என்ன நடக்கும். அரை நாள்னா நாலு அஞ்சு மணி நேரம், காலைல இருட்டோட கிளம்புறது ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. மூணு நாலு பேர் போற சின்னப் படகு. சால்மனுக்கு டிரோலிங், அதாவது படகை மெதுவா ஓட்டிக்கிட்டே இரையை இழுத்துட்டுப் போறது. ஓரத்துல டவுன்ரிக்கர்னு ஒரு வின்ச் இருக்கும், கம்பி முனையில பத்துப் பதினஞ்சு பவுண்டு ஈயக் குண்டு, அந்தக் கம்பியில நம்ம தங்கூசை (தூண்டில் நரம்பு) ஒரு கிளிப்ல மாட்டி நூறு அடி, நூத்தம்பது அடின்னு இறக்குவாங்க, மீன் கடிச்சதும் கிளிப் விட்டுடும், அப்புறம் மீனுக்கும் உங்களுக்கும் நடுவுல குண்டு கிடையாது. இரைக்கு முன்னாடி பளபளன்னு சுத்துற தகடு, ஃபிளாஷர், இரை வந்து நெத்திலி வகை மீனோ, ரப்பர் கணவாயோ, ஸ்பூன்னு சொல்ற தகட்டு இரையோ. சால்மன் பிடிக்கிற முள்ளுல எதிர்முள் இருக்கக்கூடாதுன்னு சட்டம், அதனால தங்கூசு ஒரு செகண்ட் தளர்ந்தாலும் கழண்டு போயிடும், இழுவை விடாம வச்சிருங்க. இன்னொண்ணு, அங்க நிறைய படகுல இருக்கிற ரீல்ல மீன் ஓடும்போது கைப்பிடியும் கூடவே ரிவர்ஸ்ல சுத்தும், அதைப் பிடிச்சு நிறுத்தப் பாத்தா விரல் முட்டி பேந்துடும், ஓட விட்டுட்டு அது நிக்கும்போது சுத்துங்க.

மேல வந்ததும் என்ன சால்மன்னு கைடு பாப்பாரு, நீங்களும் கூடவே பாருங்க. வாயைத் தொறந்தா ஈறு கறுப்பா இருக்கும், வால்ல மேல கீழ ரெண்டு பக்கமும் புள்ளி இருக்கும்னா அது சினூக். ஈறு வெளுத்து, புள்ளி வால்ல மேல்பாதியில மட்டும் இருந்தா கோஹோ. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவுல குட்டியா சதைத் துடுப்பு ஒண்ணு இருக்கும், அது வெட்டி இருந்தா குஞ்சுப் பண்ணையில வளத்து விட்ட மீன், முழுசா இருந்தா காட்டு மீன்னு எடுத்துக்கறாங்க. தெற்குப் பக்கம் நிறைய இடத்துல காட்டு கோஹோவைத் திருப்பி விட்டுடணும். சினூக்கை வச்சுக்கிட்டீங்கன்னா அந்த நிமிஷமே லைசன்ஸ்ல பதிவு பண்ணணும், கரைக்கு வந்து பண்ணிக்கலாம்னா ஃபைன்.

இப்ப ராக்ஃபிஷ். இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க, நான் இதை எழுத உக்காந்ததே முக்காவாசி இதுக்காகத்தான். சால்மன் ஓடுற மீன், வரும் போகும், ஆத்துல ஏறி முட்டை போட்டு அதோட செத்துடும், வாழ்க்கையே சில வருஷம்தான். ராக்ஃபிஷ் நம்ம பார் (கடலடிப் பாறைத்திட்டு) மீன் மாதிரி, பாறையை விட்டு நகராது, ஒரே பாருல வருஷக்கணக்கா கிடக்கும். அந்தக் கரையில முப்பது வகைக்கு மேல இருக்கு, அதுல யெல்லோஐன்னு ஆரஞ்சு சிவப்புல மஞ்சக் கண்ணோட ஒண்ணு, பாத்தா நம்ம சங்கரா ஞாபகம் வரும், அது நூறு வயசுக்கு மேல வாழுற மீன். இனப்பெருக்கம் பண்ற வயசு வர்றதுக்கே பதினஞ்சு இருபது வருஷம் ஆகும். உங்க தூண்டில்ல வர்ற மீன் உங்க தாத்தாவுக்கு மூத்ததா இருக்கலாம்! ஒரு பாரை ஒரு சீசன்ல துடைச்சு எடுத்துட்டா அது மறுபடி நிறைய ரெண்டு தலைமுறை ஆகும், நம்ம பக்கம் பெரியவங்க முன்னாடி இந்தப் பாருல கலவா கிடைக்கும், இப்ப ஒண்ணும் இல்லன்னு சொல்றதைக் கேட்டு வளந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்ல. அங்கயும் அப்படி அழிச்சுட்டுதான் முழிச்சுக்கிட்டாங்க, 2003-லேர்ந்து 2007-க்குள்ள 164 இடத்தை ராக்ஃபிஷ் பாதுகாப்பு ஏரியான்னு ஒதுக்கி அங்க தூண்டிலே போடக்கூடாதுன்னு வச்சுட்டாங்க (நண்டுக் கூடு, எறா கூடு வைக்கலாம்). யெல்லோஐ, பொக்காச்சியோன்னு இன்னொரு ராக்ஃபிஷ், ரெண்டும் எங்க பிடிச்சாலும் வச்சுக்கக்கூடாது. ஜார்ஜியா ஜலசந்தி மாதிரி உள் தண்ணியில குளிர்காலத்துல ராக்ஃபிஷ் மூடியிருக்கும், திறந்திருக்கும்போதும் நாளைக்கு ஆளுக்கு ஒண்ணுதான்.

திருப்பி விடணும்னா தண்ணியில தூக்கிப் போட்டா போதாது, இதுதான் முக்கியம். இருநூறு அடி ஆழத்துலேர்ந்து சரசரன்னு மேல இழுக்கும்போது உள்ள இருக்கிற காத்துப்பை ஊதிடும், இந்த மீனால அந்தக் காத்தை வெளிய விட முடியாது, கண்ணு பிதுங்கி இரைப்பை வாய்வழியா வெளிய வந்து கிடக்கும், மேல விட்டா மிதந்துட்டே இருக்கும், கழுகும் கடல்காக்காவும் கொத்திட்டுப் போயிடும். ஆனா அது சாகல. டிசெண்டர்னு ஒரு கிளிப், கனமான குண்டோட, அதுல கீழ்த்தாடையைப் பிடிச்சு, பிடிச்ச ஆழத்துக்கே திருப்பி இறக்கிவிட்டா அழுத்தம் சரியாகி நீந்திப் போயிடும், நிறைய பிழைக்குது. 2019-லேர்ந்து இது சட்டம். டிரிப் புக் பண்ணும்போதே டிசெண்டர் இருக்கா, எப்படி யூஸ் பண்ணுவீங்கன்னு கேளுங்க, பதில் வர்ற விதத்துலயே அந்த ஆளு எப்பேர்ப்பட்ட கைடுன்னு தெரிஞ்சிடும். உங்க பங்கு ராக்ஃபிஷ் கிடைச்சதும் அந்த இடத்தை விட்டு நகர்ந்துடலாம்னு நீங்களே சொல்லுங்க, சும்மா பிடிச்சு விளையாடுற மீன் இல்ல அது. தொடும்போது முதுகு முள்ளு பத்திரம், லேசா விஷம் இருக்கு, கெளுத்தி குத்துன மாதிரி கடுக்கும்.

காசு விஷயம். படகுக்கு மொத்தமாத்தான் பெரும்பாலும் ரேட், நூத்துக்கணக்குல டாலர் ஆகும், நாலு பேரா சேந்து போனாதான் ஸ்டூடன்ட்டுக்குக் கட்டுப்படி ஆகும். மேல டாக்ஸ், அதுக்கு மேல கைடுக்கோ டெக்ல வேலை பாக்குறவருக்கோ டிப்ஸ், அங்க அது வழக்கம், 10-லேர்ந்து 20 பர்சன்ட், அதையும் முன்னாடியே பங்கு போட்டு வச்சுக்கோங்க. டீசல் தனியா, மீன் கிளீன் பண்றது தனியான்னு முடிஞ்சப்புறம் பில்லை நீட்டுன ஆள்கிட்ட என் கூட இருந்த பையன் மாட்டியிருக்கான், அதனால எல்லாம் சேர்த்து எவ்ளோன்னு எழுத்துல வாங்குங்க. காத்து அடிச்சா யார் கேன்சல் பண்ணுவாங்க, காசு திரும்ப வருமா இல்ல வேற தேதி தருவாங்களா, படகுக்குப் பயணிகளை ஏத்துற பதிவும் ஓட்டுறவருக்கு டிரான்ஸ்போர்ட் கனடா சர்டிபிகேட்டும் இருக்கா, இதைக் கேக்க கூச்சப்படாதீங்க. மீன் கண்டிப்பா கிடைக்கும்னு சத்தியம் பண்றவரை நான் நம்ப மாட்டேன்.

டோஃபினோ, யுக்ளூலெட் பக்கம் போனா அது திறந்த பசிபிக், அலை பெருசு, நம்ம ஊர் கடல் பழக்கம் இருந்தாலும் குமட்டும். கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கிராவோல் போட்டுக்கோங்க, அங்க எல்லா மருந்துக் கடையிலயும் கிடைக்கும், இங்கேர்ந்து அவோமின் எடுத்துட்டுப் போனவங்க அதையே போடலாம், ரெண்டும் தூக்கம் வரும், திரும்பி வண்டி ஓட்டுறவன் மட்டும் போடாதீங்க. அணியத்துல (படகோட முன்பக்கம்) உக்காராதீங்க, கடையா (பின்பக்கம்) பக்கம் வந்து தூரத்துல கரையைப் பாத்துட்டு நில்லுங்க. ஜூலைல கூட உள்ள ஒரு தெர்மல், மேல மழைக்கோட்டு. வாழைப்பழம் எடுத்துட்டுப் போகாதீங்க, நாம படகுக்குப் பூஜை போடும்போது வாழைப்பழம் இல்லாம போட மாட்டோம், அங்க பல கேப்டனுக்கு அது படகுல ஏறவே கூடாத பொருள், அவங்க நம்பிக்கையை மதிச்சுடுங்க.

கரைக்கு வந்ததும் சதையை மட்டும் அறுத்து எடுத்துட்டு தலை, நடுமுள்ளு எல்லாத்தையும் கடல்ல தூக்கிப் போட்டுடுவாங்க, குழம்புக்கு உயிரே அதுதான், அதனால தலையும் முள்ளும் எனக்கு வேணும்னு கிளம்பும்போதே சொல்லி வைங்க, ஒரு ஐஸ்பெட்டியும் கொண்டு போங்க. ஒரே ஒரு விஷயம், துடுப்பு வெட்டின சினூக், கோஹோ தலைக்குள்ள நுணுக்கமா ஒரு கம்பித்துண்டு அடையாளம் இருக்கலாம், எந்தப் பண்ணை மீன்னு அதை வச்சுத்தான் கணக்கெடுக்கறாங்க, அந்தத் தலையைக் கலெக்ஷன் இடத்துல குடுங்கன்னு கேப்பாங்க, கட்டாயம் இல்ல, ஆனா குடுத்துடுங்க, ராக்ஃபிஷ் தலை நமக்கு இருக்கு. புளி ஊத்துற குழம்புக்கு ராக்ஃபிஷ்தான், வெள்ளைச் சதை, கெட்டி, கொழுப்பு கம்மி. சால்மன் எண்ணெய் அதிகம், குழம்புல போட்டா புளியோட ஒட்டாது, மசாலா தடவி தோசைக்கல்லுல வறுங்க. பாருல லிங்காட்னு ஒரு மீனும் மாட்டும், சிலதுக்குச் சதை நீலப்பச்சையா இருக்கும், கெட்டுப் போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, வெந்ததும் வெள்ளையாயிடும்.

பிடிச்ச மீனை விக்கக்கூடாது, பண்டமாத்தும் கூடாது. நம்ம ஊர்ல ரெண்டு கிலோ அதிகமா வந்தா பக்கத்து வீட்டுல குடுத்து காசு வாங்குறது சாதாரணம், அங்க ஸ்போர்ட் லைசன்ஸ்ல பிடிச்சதை இருபது டாலருக்குக் குடுத்தாலும் குத்தம். ஸ்டடி பர்மிட்ல இருக்கிறவங்க ஒரு மீனுக்காக கேஸ்ல மாட்டிக்காதீங்க தயவு செஞ்சு.

கேட்டவங்களுக்குப் பதில். அப்பா அம்மா விசிட்டர் விசால வந்து தூண்டில் பிடிக்கணும்னா நான்-ரெசிடென்ட் லைசன்ஸ், ரேட் அதிகம், சும்மா உக்காந்து பாக்குறதுக்கு லைசன்ஸ் வேண்டாம். 16 வயசுக்குக் கீழ அங்கயே இருக்கிற புள்ளைங்களுக்கு ஃப்ரீ, ஆனா எடுத்தே ஆகணும். கரையில மட்டி, ஆளி பொறுக்கலாமான்னு கேட்ட தங்கச்சி, தயவு செஞ்சு வேண்டாம்மா, சில சமயம் அதுல ஒரு பாசி விஷம் ஏறியிருக்கும், வேக வச்சாலும் போகாது, மூச்சே நின்னுடும், அந்த ஏரியா திறந்திருக்குன்னு டிஎஃப்ஓ சைட்ல பாக்காம தொடாதீங்க. பிராம்ப்டன் போற ரெண்டு தம்பிங்க கேட்டிருந்தீங்க, அங்க கடல் கிடையாது, ஆனா ஒன்டாரியோ ஏரியில விட்டு வளத்த சினூக் இருக்கு, லைசன்ஸ் ஒன்டாரியோ மாகாணத்துது, அங்க போய்ப் பழகினவங்க யாராவது இருந்தா கீழ எழுதுங்க.