கூடை பத்திரமாக இருக்கிறது, அதைப் பின்னும் வித்தையை எங்கே வைப்பது?

பழையபெட்டி:
கைவினைப் பொருட்களுக்கான ஒரு சின்ன அருங்காட்சியகத்தில் வார இறுதிகளில் உதவி செய்கிறேன். மொத்தமே இரண்டு அறைகள்தான். போன வாரம் ஒரு மூங்கில் கூடையைத் தூக்கியபோது அடியில் வெள்ளை மாவு கொட்டியது. உளுத்துக்கொண்டிருக்கிறது. அதைவிடப் பெரிய கவலை, பதிவேட்டில் ‘மூங்கில் கூடை, 1’ என்று மட்டும்தான் இருக்கிறது. பின்னிய பெரியவருக்குக் கை நடுக்கம் வந்து வேலையை விட்டுவிட்டார். எங்கிருந்து தொடங்குவது?

தறிச்சத்தம்:
முதலில் அந்தக் கூடையை மற்றவற்றிடமிருந்து பிரித்து வையுங்கள். மருந்து அடிக்க வேண்டாம். பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் வண்டும் புழுவும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். இல்லையென்றால் கூடையின் மேல் ஈரம் கோத்துவிடும். வண்ணம் பூசிய மரப் பொம்மைகளை இப்படி வைக்காதீர்கள், பூச்சு வெடிக்கும். துணிகள் இருக்கும் பக்கம் வெளிச்சம் 50 லக்ஸைத் (ஒளியை அளக்கும் அலகு) தாண்ட வேண்டாம்.

மூங்கில்நார்:
ஜப்பானில் இசே கோயிலை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். 2013இல் நடந்தது 62ஆவது முறை. உள்ளே வைக்கும் துணி, வாள் எல்லாம்கூடப் புதிதாகச் செய்யப்படும். அதனால் ஒரு தலைமுறை செய்யும்போதே அடுத்தது பக்கத்தில் நின்று கற்றுக்கொள்கிறது. நீங்களும் ஒரு கூடையைப் புதிதாகப் பின்ன வையுங்கள். அடி முடிந்ததும் ஒன்று, பக்கம் எழும்பியதும் ஒன்று என்று அரைகுறையாக நிற்பவற்றையும் வாங்கி வையுங்கள். முடிந்த கூடையைவிட அவைதான் அதிகம் சொல்லும். பெரியவருடைய கத்தியையும் கேளுங்கள். பிடி எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்பதே ஒரு பாடம்.

பழையபெட்டி:
இருவருக்கும் நன்றி. கூடை உறைபெட்டியில் இருக்கிறது. நேற்று பெரியவரைப் பார்க்கப் போனேன். அவரால் பின்ன முடியவில்லை. ஆனால் பேத்தி மூங்கிலைப் பிளக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சத்தம் மாறியதும், “கணு வருது, கத்தியைச் சாய்ச்சுப் பிடி” என்றார். மூன்று முறை சொன்னார், மூன்று முறையும் சரி. ஒலிப்பதிவுக் கருவி கொண்டுபோகவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை திரும்பப் போகிறேன். பதிவேட்டில் அவர் பெயரை எழுதிவிட்டேன். பேத்தி பெயரையும் கேட்டு எழுத வேண்டும்.