ஐந்து குண்டின் பொய்: தேவிபட்டினத்தில் ஒரு பெல்லட் சோதனை

நான் வைத்திருப்பது 10 மீட்டர் போட்டிக்கான ஏர் ரைபிள். அதன் இலக்குத் தாளில் பத்துப் புள்ளிக்குரிய வெள்ளைப் பொட்டு அரை மில்லிமீட்டர் அகலம்தான். சுடும் பெல்லட்டோ, அதாவது சிறு ஈயக் குண்டோ, 4.5 மில்லிமீட்டர். இரண்டு ஆண்டுகளாகக் குண்டுகள் சிதறியபோதெல்லாம் என் கையையும் மூச்சையுமே குறை சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, குழலுக்கும் பெல்லட்டுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று ஒருநாளும் பார்க்கவில்லை.

அதைப் பார்க்கச் சொன்னவர் டெக்சாஸில் இருக்கும் என் தங்கை கணவர். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. அங்கே அவர் உரிமத்துடன் மான் வேட்டைக்குப் போகிறவர், தன் ரைபிளுக்கான தோட்டாக்களைத் தானே நிரப்பிக்கொள்கிறவர். வெடிமருந்தின் அளவு, குண்டு உறைக்குள் அமரும் ஆழம் என்று ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிச் சுட்டுப் பார்ப்பாராம். நமக்கு மருந்தும் இல்லை, உறையும் இல்லை. பெல்லட்டின் தலை அளவும், எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் பேட்ச் எண்ணும்தான் மாற்றக்கூடியவை. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் டப்பாக்களில் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு வேறுபடுவதை அதன் பிறகே கவனித்தேன்.

ஐப்பசி மழையில் வெளியே போக வழியில்லாத ஒரு வாரத்தில், வீட்டுக்குப் பின்னால் உள்ள ஓலைக் கொட்டகையில் கனமான மேசை ஒன்றைப் போட்டு, அதில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் பொருத்தி, தாடைகளுக்கு இடையே பழைய சைக்கிள் டியூபை வைத்து ரைபிளை இறுக்கினேன். குண்டுகள் தாளின் நடுவில் விழ வேண்டிய அவசியமில்லை, ஒன்றோடொன்று நெருங்கி விழுந்தால் போதும் என்பதால் குறிபார்க்கும் சைட்டைத் தொடவே இல்லை. டப்பா மாற்றும்போதெல்லாம் முதல் பத்துக் குண்டுகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டேன். குழலுக்குள் புதிய ஈயம் படிய அவ்வளவாவது வேண்டும்.

முதல் நாளே 4.50 அளவில் ஐந்து குண்டுகள் ஏறக்குறைய ஒரே துளையில் போயின. துளையின் வெளிவிளிம்புகளை வெர்னியரால் அளந்தால் 5.9 மில்லிமீட்டர்; பெல்லட்டின் 4.5 மில்லிமீட்டரைக் கழித்தால் சிதறல் வெறும் 1.4. மகிழ்ச்சி தாங்காமல் படம் எடுத்து அனுப்பினேன். "அஞ்சு குண்டு பொய் சொல்லும் மச்சான், பத்துச் சுட்டுட்டுப் பேசுங்க" என்று பதில் வந்தது. கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. மறுநாள் அதே டப்பாவிலிருந்து பத்துக் குண்டுகள் சுட்டபோது வெளிவிளிம்பு 8.3 ஆக விரிந்தது. முதல் நாள் சாதாரணமாகத் தோன்றிய 4.49 அளவோ, பத்துப் பத்தாக மூன்று முறை சுட்டும் 6.8க்கும் 7.1க்கும் நடுவிலேயே நின்றது. அதையே என் குழலுக்கு உரியதாக எடுத்துக்கொண்டேன்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் மூடி சரியாக மூடாத டப்பாவில் ஈயத்தின் மேல் மாவு தூவியதுபோல் வெள்ளை பூத்துவிடுகிறது. அப்படிப் பூத்த பெல்லட்டுகளை வீணாக்க மனமில்லாமல் துடைத்துச் சுட்டுப் பார்த்தேன். குரூப், அதாவது குண்டுகள் சேர்ந்து விழும் கூட்டம், கண்டபடி சிதறியது. துடைத்த துணியையும் பெல்லட்டுகளையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டேன். ஈயத்தூள் உடம்புக்கு ஆகாது என்பதால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு நான் ஏமாந்தது வாங்கும் இடத்தில்தான். அதே நிறுவனத்தின் அதே 4.49 என்று சொல்லி ஒரு கடைக்காரர் பத்து டப்பா அனுப்பினார். பேட்ச் எண் வேறு. வைஸில் வைத்துச் சுட்டால் குரூப்பின் வெளிவிளிம்பு ஒன்பது மில்லிமீட்டரைத் தொட்டது, பிரித்த டப்பாவைத் திருப்பி எடுக்கவும் அவர் மறுத்துவிட்டார். இப்போதெல்லாம் டப்பாவின் எண் தெரியும்படி படம் வந்த பிறகே பணம் அனுப்புகிறேன். அந்தப் பழைய எண்ணில் என்னிடம் இன்னும் மூன்று டப்பாக்கள் இருக்கின்றன. அவற்றைப் போட்டிக்கு மட்டுமே திறக்கிறேன்.