குழிவான இடத்தில் ரெக்சின் எழும்புகிறது, கிளிப்பும் நிற்கவில்லை: கதவு உட்பலகைக்கு உறை போர்த்துவதில் உதவி தேவை

கேள்வி

வணக்கம். தலையணை உறைக்கு மேல் எதையும் தைத்துப் பழகாத நான், பழைய காரின் கதவு உட்பலகைகளுக்கு வீட்டிலேயே புதிய ரெக்சின் போர்த்தத் துணிந்து, முதலில் ஓட்டுநர் பக்கத்துக் கதவை மட்டும் செய்து பார்த்தேன். வார்ப்புப் பிளாஸ்டிக் பலகையைக் கழற்றித் துடைத்து, அதன்மேல் 6 மி.மீ. ஃபோமும், அதற்கு மேல் துணி முதுகுள்ள ரெக்சினும் தெளிப்புப் பசையால் ஒட்டினேன். அன்று பார்க்க நன்றாகவே இருந்தது. மூன்று நாள் வெயிலில் கார் நின்ற பிறகு, கைதாங்கிக்கு மேலுள்ள குழிவில் ரெக்சின் எழும்பி, பறைத்தோல்போல விறைத்து நிற்கிறது. கீழ்விளிம்பில், பலகையைக் கதவோடு பிடிக்கும் இரண்டு கிளிப்புகள் அழுத்தினால் உள்ளே போகின்றன. கதவை ஓங்கிச் சாத்தினால் வெளியே வந்துவிடுகின்றன. பசையை மட்டும் மாற்றினால் போதுமா?

மறுமொழி 1

பசையிலும் குறை இருக்கிறது. வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் சில பரப்புகளின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். காகிதம், துணி போன்ற கைவேலைகளுக்கான தெளிப்புப் பசைகள் பல அந்தச் சூட்டில் இளகிவிடும். வெப்பம் தாங்கும் அளவு டப்பாவில் குறிக்கப்பட்டுள்ள கான்டாக்ட் பசையை ஒட்ட வேண்டிய இரு பரப்புகளிலும் பூசி, விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு சேர்த்து அழுத்துங்கள். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: ரெக்சினை எந்த இடத்திலிருந்து ஒட்டத் தொடங்கினீர்கள்?

கேட்டவர்

மேல்விளிம்பில் மடித்து ஒட்டி, சுருக்கம் விழாதபடி கீழ்நோக்கி இழுத்துப் பிடித்து, கடைசியில்தான் குழிவுக்குள் விரலால் அழுத்தினேன்.

மறுமொழி 2

அப்படியானால் முதன்மைக் காரணம் அதுதான். இரு விளிம்புகளும் பிடிபட்ட பிறகு குழிவுக்குள் அழுத்தப்படும் ரெக்சின், தன் நீளம் போதாமல் நீட்டப்பட்டே உள்ளே போகிறது. அந்த இழுவிசை ஓய்வதில்லை, சூட்டில் பசை இளகும் நேரத்துக்காகக் காத்திருக்கிறது. எனவே குழிவின் அடியில் தொடங்கி, பசை பூசிய பரப்புகளைக் கையகலம் கையகலமாகச் சேர்த்து அழுத்தியபடி வெளிநோக்கிப் போங்கள். விளிம்பு கடைசியாக வரட்டும். குழிவு ஆழமாக இருந்தால் ஒரே துண்டில் போர்த்தும் பிடிவாதத்தை விட்டு, குழிவின் ஓரத்தில் ஒரு தையல் கோடு வரும்படி இரண்டு துண்டாக வெட்டித் தைப்பது மேல். புதியவர்கள் தையலுக்கு அஞ்சி இழுப்பதை நம்புகிறார்கள். நேர்த்தையல் அதைவிட எளிது என்பது என் எண்ணம். பருத்தி நூல் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தாங்காது. தடித்த பாலியஸ்டர் நூலும், 4 மி.மீ. அளவுள்ள நீண்ட தையலும் வையுங்கள், ஏனெனில் நெருக்கமான தையலின் துளைகள் ரெக்சினை அஞ்சல் தலைபோலக் கிழியவிடும். குழிவுக்கு 6 மி.மீ. ஃபோமும் அதிகம், 3 மி.மீ. போதும்.

கிளிப் சிக்கல் வேறு. பின்புறம் மடித்த ரெக்சினோடு ஃபோமும் சேர்ந்து மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தடிமன் பலகையைக் கதவிலிருந்து தள்ளி வைப்பதால் கிளிப்பின் தலை துளையில் முழுமையாக இறங்குவதில்லை. ஃபோமை விளிம்போடு வெட்டிவிட்டு, ரெக்சினை மட்டும் 25 முதல் 30 மி.மீ. வரை மடியுங்கள், மூலைகளில் ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தால் மடிப்புகள் குவியாது.

மறுமொழி 3

ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி) வைத்திருந்தால் ஓர் எச்சரிக்கை: ரெக்சின் இளகுவதற்குக் கொஞ்சம் சூடு போதும், அளவு மீறினால் அதன் மேற்பரப்பு பளபளத்து, தோல் வரிகள் அழிந்துவிடும். இன்னொன்று, பலகைக்குப் பின்னால் கதவில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை என்ன செய்தீர்கள்?

கேட்டவர்

அழுக்காகக் கிழிந்திருந்ததால் எறிந்துவிட்டேன். வெறும் தூசி மறைப்பு என்று நினைத்தேன்.

மறுமொழி 3

புதிய தாள் ஒட்டாமல் பலகையை மாட்டாதீர்கள். மழைநீர் கண்ணாடியை ஒட்டிக் கதவுக்குள் இறங்கி, அடியிலுள்ள வடிகால் துளைகள் வழியே வெளியேறுவது இயல்பு. அந்த நீர் உட்பலகையை நனைக்காமல் தடுப்பதே அந்தத் தாளின் வேலை. சில கார்களில் பக்கவாட்டு மோதலைக் கதவுக்குள் ஏற்படும் காற்றழுத்த மாற்றத்தால் உணரும் சென்சார் இருப்பதால், அங்கே தாள் முழுமையாக அடைபட்டிருப்பது பாதுகாப்புக்கும் வேண்டும்.

கேட்டவர்

தடித்த பாலித்தீன் தாளைப் பியூட்டைல் என்னும் ஒட்டும் ரப்பர் பட்டையால் ஒட்டிவிட்டேன். குழிவை இரண்டு துண்டாகத் தைத்துப் போர்த்தினேன். ஒரு வாரம் வெயிலில் நின்றும் அசையவில்லை, கிளிப்புகளும் இறங்கிவிட்டன. தையல் கோடு மட்டும் சற்றே கோணல். அடுத்த கதவில் சன்னல் சுவிட்சுக்கான துளையை எப்போது வெட்டுவது?

மறுமொழி 2

எல்லாம் ஒட்டி முடித்த பிறகு. துளையின் அளவுக்கு வெட்டாமல், நடுவில் பெருக்கல் குறிபோலக் கீறி, நான்கு நாக்குகளையும் உட்புறம் மடித்து ஒட்டுங்கள். கீறல் துளையின் மூலைக்குச் சற்று முன்பே நிற்கட்டும்.