பயாஸ் ஐசியைக் கழற்ற வேண்டும், ஹாட் ஏர் இல்லை, நாலாவது கால் மட்டும் உருகவே மாட்டேன் என்கிறது

கைநடுக்கம்:
எல்லோருக்கும் வணக்கம். லேப்டாப்பை எழுப்புகிற பயாஸ் மென்பொருளின் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது, லேப்டாப் பேட்டரியோ செத்து ஒரு வருடம் ஆகிறது, மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லை. அந்த பயாஸ் பதிந்திருக்கிற ஐசி எட்டுக் கால் உள்ளது, மேலே வின்பாண்ட் 25கியூ64 என்று போட்டிருக்கிறது. ஐசியைப் படித்து எழுதுகிற சிஎச்341ஏ புரோகிராமரும், ஐசியின் கால்களைக் கவ்வுகிற கிளிப்பும் வாங்கி, போர்டில் இருந்தபடியே படிக்கப் பார்த்தேன். ஒரு தடவை ஐசியே இல்லை என்றது, அடுத்த தடவை படித்தது, மூன்றாவது தடவை படித்த ஃபைலும் இரண்டாவதும் ஒத்துப்போகவில்லை. கிளிப்பை மாட்டியதும் போர்டில் ஒரு எல்இடி மங்கலாக எரிகிறது, அது சரியா தப்பா தெரியவில்லை.

சரி, கழற்றியே படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். என்னிடம் 25 வாட் சால்டரிங் அயர்ன், ஊசி மாதிரி பிட், ஒரு சுருள் விக் (உருகிய ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னல்), டப்பா பேஸ்ட் இருக்கிறது. அரை மணி நேரம் விக்கை வைத்து உறிஞ்சியதில் மூன்று கால் சுத்தமான மாதிரி தெரிகிறது, ஆனால் ஐசி இம்மியும் அசையவில்லை. நாலாவது காலில் ஈயம் உருகவே இல்லை. ட்வீசரை அடியில் விட்டு லேசாக நெம்பலாமா, அல்லது சூடான காற்றை ஊதி ஈயத்தை உருக்குகிற ஹாட் ஏர் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

ஈயப்புகை:
முதலில் ட்வீசரைக் கீழே வையுங்கள். நெம்பினால் ஐசியோடு பேடும் சேர்ந்து வரும். பேட் என்பது போர்டில் ஒட்டியிருக்கிற மெல்லிய செம்புத் தகடுதான், சூடு ஏற ஏற அந்தப் பசையின் பிடி தளர்ந்துகொண்டே போகும், அரை மணி நேரம் வேறு காய்ச்சியிருக்கிறீர்கள்.

விக்கால் எவ்வளவு உறிஞ்சினாலும் காலுக்கும் பேடுக்கும் நடுவில் முடி அளவு ஈயம் தங்கிவிடும், அதுவே ஐசியைப் பிடித்துக்கொள்ளப் போதும். அதனால் எடுக்காதீர்கள், இன்னும் போடுங்கள். இப்போதைய லேப்டாப் போர்டுகளில் இருப்பது ஈயமே இல்லாத சால்டர் (பேச்சுக்கு நாம் எல்லாவற்றையும் ஈயம் என்கிறோம்), வெள்ளீயத்தில் கொஞ்சம் வெள்ளியும் செம்பும் கலந்தது, 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். கடையில் கிடைக்கிற, ஈயம் கலந்த 63/37 கம்பி 183 டிகிரியிலேயே உருகிவிடும். இரண்டும் கலந்தால் உருகும் சூடு இறங்கும், இளகியே இருக்கிற நேரமும் கூடும்.

ஒரு பக்கத்து நாலு காலையும் மூடி ஒரே நீளக் கட்டியாக ஈயத்தை விடுங்கள், மறுபக்கமும் அப்படியே. கால்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பிரிட்ஜ் ஆகிறதே என்று பதற வேண்டாம், அதுதான் வேண்டும். வீட்டு வயரிங் கம்பியின் ஒரு இழையை உரித்து அந்தக் கட்டிக்குள் படுக்க வைத்தால் சூடு நாலு காலுக்கும் சமமாகப் போகும். அப்புறம் இந்தப் பக்கம் மூன்று விநாடி, அந்தப் பக்கம் மூன்று விநாடி என்று மாற்றி மாற்றி சூடு காட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இளகி இருக்கும்போது பிட்டால் லேசாகத் தள்ளினாலே ஐசி வழுக்கிக்கொண்டு போகும். அப்படிப் போகவில்லை என்றால் எங்கோ இன்னும் உருகவில்லை, பலத்தைக் கூட்டாதீர்கள்.

நாலாவது கால் கிரவுண்ட். உள்ளே இருக்கிற பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் நீங்கள் கொடுக்கிற சூட்டை எல்லாம் அது குடித்துவிடும். 25 வாட்டும் ஊசி பிட்டும் அதற்குப் போதாது. 60 வாட் டெம்பரேச்சர் கண்ட்ரோல் அயர்ன் யாரிடமாவது இரவல் வாங்கி, தட்டையான பிட் போட்டு 350ல் வையுங்கள்.

அந்த டப்பா பேஸ்ட் குழாய் பற்றவைக்கிற வகை என்றால் போர்டின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அதில் உள்ள ஆசிட் செம்பை அரித்துவிடும். ஈயம் நன்றாக ஓட உதவுகிற ரோசின் ஃபிளக்ஸ் வாங்கி தாராளமாகத் தடவுங்கள், ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

பழைய வால்வு:
மேலே தம்பி சொன்னது சரியான முறை. ஆனால் முழுசாகக் கழற்றத்தான் வேண்டுமா என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள். எல்இடி மங்கலாக எரிகிறது என்றால் உங்கள் புரோகிராமர் எட்டாவது கால் வழியாக மொத்த போர்டுக்கும் கரண்ட் கொடுக்கப் பார்க்கிறது என்று அர்த்தம். அது பாவம், யூஎஸ்பியில் ஓடுகிற சின்ன சாதனம், அத்தனை பாரம் தாங்காது, அதனால்தான் ஒவ்வொரு தடவையும் வேறு வேறாகப் படிக்கிறது. எட்டாவது காலை மட்டும் சூடாக்கி மெல்லத் தூக்கிவிட்டு கிளிப்பை மாட்டிப் பாருங்கள், பல போர்டுகளில் இதுவே போதும். இரண்டு மூன்று தடவைக்கு மேல் வளைத்தால் கால் ஒடியும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

இன்னொன்று, 25கியூ64க்குப் பின்னால் என்ன எழுத்து? எஃப்வி என்றால் 3.3 வோல்ட். எஃப்டபிள்யூ என்றால் 1.8 வோல்ட், நடுவில் அடாப்டர் இல்லாமல் மாட்டக்கூடாது. அப்புறம் பழைய கறுப்பு சிஎச்341ஏ போர்டுகள் சப்ளையை 3.3 கொடுத்துவிட்டு டேட்டா கால்களில் 5 வோல்ட் அனுப்பும். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். லேப்டாப்பின் பேட்டரியையும் சின்ன நாணய பேட்டரியையும் கழற்றிவிட்டீர்கள்தானே?

கைநடுக்கம்:
எஃப்வி தான் சார். பெரிய பேட்டரியைக் கழற்றியிருந்தேன், நாணய பேட்டரியை இப்போதுதான் கழற்றினேன். எட்டாவது காலைத் தூக்கியும் பார்த்தேன், எல்இடி எரியவில்லை, ஆனால் படிப்பது இன்னும் ஐந்துக்கு இரண்டு தடவை மாறுகிறது. கிளிப்பே தரமில்லையோ என்னவோ. கழற்றிவிடலாம் என்றே தோன்றுகிறது. பேட் போய்விட்டால் என்ன கதி?

பூட்டுக்கார ஊர்:
ஹாட் ஏர் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன், நான் பட்டவன். மலிவான 858டி ஒன்று வாங்கினேன், முதல் நாளே 450ல் வைத்து காற்றையும் முழுசாகத் திறந்துவிட்டேன். ஐசி வந்துவிட்டது. கூடவே பக்கத்தில் இருந்த கீபோர்டு கனெக்டர் வெல்லப்பாகு மாதிரி வழிந்தது, அரிசியில் கால்வாசி இருக்கும் இரண்டு ரெசிஸ்டர் காற்றில் பறந்து எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. இப்போது 350, காற்று குறைவு, பக்கத்து பிளாஸ்டிக்குகளுக்கு அலுமினியத் தாளும் சூடு தாங்குகிற காப்டான் டேப்பும், முதலில் ஒரு நிமிடம் தூரத்தில் பிடித்து அந்த இடம் முழுவதையும் சூடாக்கிவிட்டு அப்புறம் நெருங்குவது. ஐசி தானாக அசைகிற வரை கை வைப்பதில்லை.

எட்டுக் காலுக்காக ஹாட் ஏர் வாங்காதீர்கள். நாலு பக்கமும் கால் உள்ளது, அல்லது காலே தெரியாமல் வயிற்றில் பேட் உள்ளது வந்தால் அப்போது வாங்கிக்கொள்ளலாம். பிஸ்மத் கலந்த கழற்றும் ஈயம் ஒன்றும் கிடைக்கிறது, மிகக் குறைந்த சூட்டில் நிறைய நேரம் இளகியே இருக்கும், கழற்ற சொர்க்கம். ஆனால் வேலை முடிந்ததும் ஒரு துளி விடாமல் விக்கால் துடைக்க வேண்டும், சாதா ஈயத்தோடு கலந்து அங்கேயே தங்கினால் 96 டிகிரியிலேயே உருகுகிற கலவை ஆகிவிடும், லேப்டாப் உள்ளே அது ஆகாது.

பேட் போனால்: எந்தக் கால் என்பதைப் பொறுத்தது. மூன்றும் ஏழும் ரைட் புரொடெக்ட் (எழுதுவதைத் தடுப்பது), ஹோல்ட் (நிறுத்தி வைப்பது). சில போர்டுகளில் அவை சும்மா ஒரு ரெசிஸ்டர் வழியாக 3.3க்குப் போயிருக்கும், குவாட் முறையில், அதாவது ஒரே நேரத்தில் நாலு லைனில் படிக்கிற போர்டு என்றால் அவையும் டேட்டா லைன்கள். அதனால் ஊகிக்காமல் அந்தக் காலின் டிராக் (போர்டில் ஓடுகிற செம்புக் கோடு) எங்கே போகிறது என்று மீட்டரால் தேடி, பச்சைப் பூச்சைச் சுரண்டி, எனாமல் கம்பியால் ஜம்பர் போடுங்கள்.

ஈயப்புகை:
படித்ததும் பழைய டம்பை, அதாவது ஐசியிலிருந்து படித்தெடுத்த ஃபைலை, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பாதி கெட்டதாக இருந்தாலும். சீரியல் நம்பர், விண்டோஸ் கீ எல்லாம் பல லேப்டாப்களில் அதற்குள்தான் இருக்கும். நெட்டில் யாரோ போட்ட ஃபைலை அப்படியே ஏற்றினால் உங்கள் லேப்டாப் அவர் பெயரில் எழுந்திருக்கும்.

கைநடுக்கம்:
நான்கு நாள் கழித்து வருகிறேன். ரிச்சி தெருவுக்குப் போய் ஃபிளக்ஸ், தட்டை பிட், 63/37 கம்பி வாங்கினேன். அயர்ன் பக்கத்து வீட்டு அண்ணனுடையது. இரண்டு பக்கமும் ஈயத்தை விட்டதும் பார்க்கவே பயமாக இருந்தது, ஏதோ கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆறாவது சுற்றில் ஐசி வழுக்கிக்கொண்டு போய் பக்கத்து ஸ்க்ரூ ஓட்டையில் நின்றது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனால் மூன்றாவது பேட் போய்விட்டது, அது முன்பு விக்கை வைத்து அழுத்திய அழுத்தில் போனது என்று நினைக்கிறேன், அடியில் கருகியிருந்தது. டிராக் அரை சென்டிமீட்டர் தள்ளி ஒரு ரெசிஸ்டருக்குப் போகிறது, அங்கே வரை ஜம்பர் போட்டேன்.

வெளியே எடுத்ததும் மூன்று தடவை படித்தேன், மூன்றும் ஒன்றே, 8 எம்பி. நிறுவனத்தின் தளத்தில் இருந்த அப்டேட் ஃபைலில் இருந்து பயாஸ் பகுதியை மட்டும் எடுத்து, சீரியல் நம்பர் இருக்கிற இடத்தைத் தொடாமல் பழைய டம்பில் பொருத்தி எழுதினேன் (அது தனிக் கதை, இரண்டு இரவு போயிற்று). திரை வந்துவிட்டது, கடிகாரம் மட்டும் பழைய வருடத்தைக் காட்டுகிறது. திரும்ப ஒட்டும்போதும் நாலாவது கால் கடைசியாகத்தான் பிடித்தது.