ஏசியில் குளிர்ச்சி குறைந்தால் உடனே கேஸ் போட வேண்டுமா? எங்கள் அனுபவங்கள்

வேளச்சேரி, சென்னை

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் எங்கள் படுக்கையறை ஏசி வெறும் காற்றை மட்டும் ஊத ஆரம்பித்தது. ஒன்றரை டன், ஆர்32 கேஸில் ஓடும் இன்வெர்ட்டர் மாடல். வாங்கிச் சில வருடங்கள்தான் ஆகின்றன. போன கோடையிலும் இதே பிரச்சினை. அப்போது வந்தவர் கேஜை (அழுத்தம் பார்க்கும் மீட்டர்) மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கு மேடம், வருஷத்துக்கு ஒரு தடவ போட்டுடணும்" என்று சொல்லி, நிரப்பிவிட்டு, 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

இப்படி ஒரு வழக்கம் இருப்பதாகவே பலரும் நம்புகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஏசி கேஸ் வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்ந்துபோகாது. மூடிய குழாய்க்குள் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் போட்டால் அடுத்த கோடையிலும் அதே செலவுதான்.

இந்த முறை வேறொரு தம்பி வந்தார். வந்ததும் கேஜைக் கையில் எடுக்கவில்லை. முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார், டார்ச் அடித்து காயிலில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) தூசி அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். அழுக்கு அடைத்தாலும் காயிலில் ஐஸ் கட்டும், குளிர்ச்சியும் குறையும். அதைக் கேஸ் குறைவு என்று நினைத்துவிடுவார்கள் என்றார். எங்களுடையது சுத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் அவுட்டோரில் மெல்லிய குழாய் சேரும் இடத்தைக் காட்டினார். மே மாத மத்தியான வெயிலில் அதில் மட்டும் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. கேஸ் குறைந்ததற்கு அதுதான் அடையாளம் என்றார்.

மிச்சமிருந்த கேஸை சிலிண்டரில் வாங்கிக்கொண்டு, லைனில் நைட்ரஜன் ஏற்றினார். ஒவ்வொரு ஜாயின்டிலும் பிரஷ்ஷால் சோப்பு நுரை தடவினார். அவுட்டோர் பக்கம் ஒன்றும் இல்லை. இன்டோருக்குப் பின்னால், சுவரோடு ஒட்டியிருந்த ஃப்ளேர் நட்டில் (விரித்த குழாய் முனையைப் பிடித்து இறுக்கும் நட்டு) ஒரே ஒரு குமிழி மெதுவாகப் பெரிதாகி உடைந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அவ்வளவு சின்னக் கசிவு. நட்டைக் கழற்றியதும், விரித்த காப்பர் குழாயின் விளிம்பில் மயிரிழை விரிசல் தெரிந்தது. பொருத்தும்போதே நட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள் என்றார். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, புதிதாக ஃப்ளேர் போட்டு, சரியான அளவுக்கு மட்டும் முறுக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கினார். பிறகு குழாயிலிருந்து காற்றை உறிஞ்சும் வாக்குவம் பம்ப்பை ஓடவிட்டு, நிறுத்தி, கேஜின் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்தார். கடைசியில் சிலிண்டரைத் தராசில் வைத்து, அவுட்டோர் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் போட்டிருந்ததோ அந்த அளவுக்குக் கேஸ் ஏற்றினார்.

போன வருடம் இதில் எதுவும் நடக்கவில்லை. வாக்குவம் போடாமல் கேஸ் ஏற்றினால் குழாய்க்குள் காற்றும் ஈரமும் தங்கிவிடும், கம்ப்ரசர் ஆயுள் குறைந்துவிடும். உங்கள் வீட்டுக்கு வருபவரிடம் நைட்ரஜனும் வாக்குவம் பம்ப்பும் தராசும் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

இன்னொன்று. எங்கள் குடியிருப்பில் கழிவுநீர்க் கால்வாயைப் பார்த்த வீடுகளில் கசிவது நட்டு அல்ல, காயிலே. செம்பு கருத்துப்போய் ஊசித் துளைகள் விழுந்திருக்கின்றன. சாக்கடையிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பை அரித்துவிடும். அங்கே ஒரு துளையைப் பற்றவைத்தால் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். காயிலை மாற்றுவதுதான் வழி, அதற்கு முன் வாரண்டி அட்டையைத் தேடி எடுங்கள்.

திருச்சி

நான் ஏசி மெக்கானிக். மேலே அக்கா எழுதியது அத்தனையும் சரி. எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கசிவைத் தேட அரை நாள் ஆகும், அதற்குத் தனியாகக் கூலி உண்டு என்றால் முக்கால்வாசிப் பேர், "அதெல்லாம் வேணாம்ப்பா, கேஸ மட்டும் போட்டுட்டுப் போ" என்கிறார்கள். மறுத்தால் அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். அவர் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்.

கூலிங் இல்லை என்று வரும் எல்லா அழைப்பும் கேஸ் பிரச்சினை கிடையாது. இன்வெர்ட்டர் இல்லாத பழைய ஏசியில் அவுட்டோர் 'ம்ம்ம்' என்று உறுமிவிட்டு நின்றுபோனால் முதலில் கபாசிட்டரைத்தான் (மோட்டார் கிளம்ப உதவும் சின்ன மின்பாகம்) சந்தேகப்பட வேண்டும். வெயில் சூட்டில் அது சீக்கிரம் வலுவிழக்கும். மீட்டரில் அளந்து, அதன்மேல் அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவை விட நன்றாகக் குறைந்திருந்தால் மாற்றிவிடலாம், சில நூறு ரூபாயோடு முடிந்தது. அதே வேலையைக் 'கம்ப்ரசர் போச்சு' என்று சொல்லிப் பல ஆயிரம் கேட்பவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், எனக்கு அது வருத்தம்தான். பிசிபி என்ற மின்சுற்று போர்டில் பல்லி ஏறிக் கருகிச் செத்துக் கிடப்பதையும் அடிக்கடி பார்க்கிறேன். வயர் நுழையும் ஓட்டையை அடைத்து வைத்தால் அந்தச் செலவு மிச்சம்.

வீடு கட்டுபவர்களிடம் ஒரு வேண்டுகோள். அவுட்டோரை ஒரு மனிதன் நின்று வேலை பார்க்கக்கூடிய இடத்தில் வையுங்கள். நான்காவது மாடிச் சுவரில், ஜன்னலுக்கு எட்டாத தூரத்தில் ஸ்டாண்ட் அடித்துவிடுகிறார்கள். கயிறு கட்ட ஒரு கொக்கிகூட இருக்காது. சன்ஷேடில் கால் வைத்துத் தொங்கிக்கொண்டு எந்தப் பையனாலும் நிதானமாகக் கசிவு தேட முடியாது. ஆர்32 லேசாகத் தீப்பிடிக்கும் கேஸ் வேறு. லைனில் கேஸ் இருக்கும்போது பற்றவைக்கக் கூடாது.

மதுரை

எங்களுடையது ஆர்22 கேஸில் ஓடிய பழைய இரண்டு டன் ஏசி. கம்ப்ரசர் நின்றுபோனது. வேறு கம்ப்ரசர் போட்டு ஓட்டலாம் என்று ஒருவர், புதிது வாங்குங்கள் என்று இன்னொருவர். ஓசோன் படலத்தை அரிக்கும் ஆர்22 படிப்படியாக ஒழிக்கப்படுகிறது, 2025 ஜனவரி 1 முதல் இந்தியாவில் புதிய சாதனங்கள் தயாரிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது. போகப்போக அந்தக் கேஸே கிடைப்பது கஷ்டம். அதனால் மாற்றிவிட்டோம்.

ஆனால் அதற்கு முன் மொட்டை மாடியைக் கவனித்தோம். எங்கள் வீடு மேல்தளம். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், ராத்திரி பதினோரு மணிக்கும் அறைக்குள் அனல் கக்கும். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்து, மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டினோம். அதற்குப் பிறகு அதே அறைக்கு ஒன்றரை டன் போதும் என்றாகிவிட்டது. ஒரு டன் என்பது ஒரு மணி நேரத்தில் வெளியேற்றும் வெப்பத்தின் அளவு, 12,000 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு). சூட்டை வெளியிலேயே நிறுத்திவிட்டால் பெரிய ஏசி எதற்கு?

கடையில் ஸ்டாரை மட்டும் எண்ணாதீர்கள். லேபிளில் எந்த வருடத்துக்கான ஸ்டார் என்று பாருங்கள். 2022 ஜூலையில் விதியை இறுக்கியபோது பழைய ஐந்து ஸ்டார்கள் பலவும் நான்காக இறங்கின. இங்கே ஈபி கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், கீழே உள்ள யூனிட்டுகள் சிலவற்றுக்கும் ரேட் ஏறிவிடும். 24 டிகிரியில் வைத்து ஃபேனையும் ஓடவிட்டால் அந்தக் கோட்டுக்குள் நிற்க முடிகிறது.

பொருத்த வந்தவர்கள் சுவருக்குள் போன பழைய காப்பர் குழாயையே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆர்22 குழாயில் படிந்திருக்கும் எண்ணெய் வேறு, ஆர்32 கம்ப்ரசர் எண்ணெய் வேறு. அழுத்தமும் புதியதில் ரொம்ப அதிகம்.

இன்டோரில் கேஸ் கசிந்தால் அறைக்குள் அலாரம் அடிப்பது மாதிரியான வசதி எதுவும் எங்கள் மாடலில் இல்லை, அதனால் வருடம் ஒரு முறை சர்வீஸின்போது ஜாயின்டுகளில் சோப்பு நுரை வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

பழைய ஏசியை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவர்கள் கழற்றும்போது கூடவே நில்லுங்கள். நட்டைத் திறந்து கேஸைக் காற்றில் விட்டுவிடுவது இங்கே சர்வசாதாரணம். ஒரு கிலோ ஆர்22, சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். கம்ப்ரசர் ஓடும் ஏசி என்றால் மெல்லிய குழாயின் வால்வை மூடி, கொஞ்ச நேரம் ஓட்டி, கேஸ் முழுக்க அவுட்டோருக்குள் வந்ததும் அடுத்த வால்வையும் மூடச் சொல்லுங்கள். எங்களுடையதைப் போல ஓடாத ஏசி என்றால் சிலிண்டரில் உறிஞ்சி எடுக்கும் மெஷினோடு வரச் சொல்ல வேண்டும். நாங்கள் முன்கூட்டியே கேட்டோம், கொண்டுவந்தார்கள்.